போனில் வரும் நெட் லாப்டாப்பில் வராவிட்டால்

"அண்ணே, நெட்டு வரமாட்டேங்குது" என்று யார் கூப்பிட்டாலும் என் முதல் கேள்வி இதுதான்: "போன்ல மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு, அதே வைஃபைல யூடியூப் ஓடுதான்னு பாருங்க." போனில் நன்றாக வருகிறது, லாப்டாப்பில்தான் கோளாறு என்று அடித்துச் சொன்னவர்கள் பலரும் டேட்டாவை அணைத்ததும் "அட, இதுலயும் வரலையேண்ணே" என்பார்கள். வைஃபையில் இணைந்திருந்தும் அந்த வழியில் நெட் கிடைக்கவில்லை என்று தெரிந்தால், இன்றைய போன்கள் பல சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். சிம் இல்லாத லாப்டாப்புக்கு மாறிக்கொள்ள வேறு வழி கிடையாது. அது உள்ளதைச் சொல்லிவிடுகிறது, பழியும் அதன் மேலேயே விழுகிறது.

நான் கம்ப்யூட்டர் படித்தவனில்லை. மதுரையில் எஸ்.எஸ். காலனிப் பக்கம் ஓர் அறை எடுத்து ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்து கொடுக்கிறேன். 11ஆம் தேதி விற்பனை விவரம், 20ஆம் தேதி வரி கட்டும் படிவம் என்று எனக்கு மாதமே இந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான் ஓடுகிறது. அன்றைக்கு நெட் நின்றால் சர்வீஸ்காரர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. தாமதக் கட்டணம் கடைக்காரர் தலையில், திட்டு என் தலையில். அப்படிப் பழகிக்கொண்டதுதான் இதெல்லாம். அப்புறம் கணக்குக் கொடுக்க வருகிறவர்கள், சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டு அக்கா என்று எல்லோருடைய லாப்டாப்பும் என் மேசைக்கு வர ஆரம்பித்துவிட்டது.

வருகிற லாப்டாப்புகளில் பலவற்றை எனக்கு முன்பே யாராவது நோண்டியிருப்பார்கள். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து நாலு இடத்தில் செட்டிங்கை மாற்றியிருப்பார்கள். முன்பு என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது. ஒரு கோளாறோடு போயிருக்க வேண்டியது இரண்டாகி நிற்கும். அதனால் என் வழக்கம், நெட் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும்வரை எதையும் மாற்றுவதில்லை. பார்ப்பது மட்டும்தான்.

லாப்டாப்பிலிருந்து ரவுட்டர் (வீட்டில் வைஃபை கொடுக்கும் பெட்டி), ரவுட்டரிலிருந்து தெருவில் போகும் கேபிள், அதிலிருந்து நெட் கொடுக்கும் நிறுவனம், அங்கிருந்து வெளியுலகம். இவ்வளவுதான் வழி. இதில் எதுவரை போய்த் திரும்ப முடிகிறது என்று பார்க்க விண்டோஸிலேயே வசதி உண்டு. விண்டோஸ் பட்டனை அழுத்திவிட்டு ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்தைத் தட்டி எண்டர் கொடுத்தால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டினால் கடகடவென்று வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம். வைஃபை என்ற தலைப்புக்குக் கீழே 'ஐபிவி4 அட்ரஸ்', 'டீஃபால்ட் கேட்வே' என்று இரண்டு வரி இருக்கும். நமக்கு அது போதும். முதலாவது லாப்டாப்பின் எண், இரண்டாவது ரவுட்டரின் எண். வீடுகளில் ரவுட்டரின் எண் பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும்.

அடுத்து 'பிங்' (ping) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த ரவுட்டர் எண்ணை அடிக்க வேண்டும். 'ரிப்ளை ஃப்ரம்' என்று வரிசையாகப் பதில் வந்தால் லாப்டாப்பும் வைஃபையும் சரி. ரவுட்டரைத் தாண்டி வெளியே போகிறதா என்று பார்க்க, பிங் போட்டு 8.8.8.8 என்று அடிக்கலாம். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தருவதற்காக கூகுள் 2009 முதல் பொதுவில் விட்டிருக்கும் சர்வரின் எண் அது. ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம். அதற்கும் பதில் வந்தால் தெருக் கேபிளும் சரி. கடைசியாக எண்ணுக்குப் பதில் ஏதாவது ஒரு தளத்தின் பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. எங்கே பதில் நிற்கிறதோ, கோளாறு அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில். ஒரு எச்சரிக்கை: சில கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் பிங்குக்குப் பதில் சொல்லாதபடி வேண்டுமென்றே அடைத்து வைத்திருப்பார்கள். அங்கே பதில் வராததை வைத்து மட்டும் முடிவுக்கு வரக்கூடாது.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை. அவர்கள் கணக்கை நான்தான் பார்க்கிறேன். காலையில் பில் போடும் லாப்டாப்பில் நெட் வருமாம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்விடுமாம், சாயங்காலம் தானாக வந்தாலும் வருமாம். "லாப்டாப்பு சூடாயிருதுண்ணே, அதான்" என்று கடைத் தம்பி காரணமே கண்டுபிடித்து வைத்திருந்தார். புது லாப்டாப் வாங்கலாமா என்று முதலாளி விலை விசாரித்துக்கொண்டிருந்தார். மதியம் போய் ஐபிகான்ஃபிக் போட்டுப் பார்த்தேன். லாப்டாப்பின் எண் 169.254 என்று ஆரம்பித்தது.

இந்த 169.254 என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கலுக்கு வழி தெரிந்துவிடும். ஒரு லாப்டாப் வைஃபையில் சேர்ந்ததும் "எனக்கு ஓர் எண் கொடு" என்று கேட்கும். ரவுட்டர் தன்னிடமுள்ள பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும். இதற்கு டிஹெச்சிபி என்று பெயர். கேட்டும் பதில் வராவிட்டால் லாப்டாப் தானே 169.254 வரிசையில் ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இப்படித்தான். பஞ்சாயத்து கதவு எண் கொடுக்காததால் வீட்டுக்காரரே சுண்ணாம்பால் ஓர் எண்ணை எழுதிக்கொண்ட மாதிரி. தபால்காரருக்கு அது செல்லாது. ஆக 169.254 வந்தால், லாப்டாப் கேட்டிருக்கிறது, ரவுட்டர் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

ஏன் கொடுக்கவில்லை? பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கேயே இருந்தது. பொருத்திவிட்டுப் போனவர் எண்களின் பட்டியலை மிகச் சின்னதாக வைத்திருந்தார். சுவரில் வைஃபை பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். சாப்பிட வருகிற ஒவ்வொரு போனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறது. ஆள் சாப்பிட்டுவிட்டு மாட்டுத்தாவணி போய் பஸ் ஏறிய பிறகும் அந்த எண் அவர் பெயரிலேயே இருக்கிறது, ஏனென்றால் ஓர் எண்ணை ஒரு நாள் முழுக்க வைத்துக்கொள்ளும்படி நேரம் போட்டிருந்தது. மதியக் கூட்டத்தில் பட்டியல் தீர்ந்துபோகும். அந்த நேரம் பார்த்து லாப்டாப் புதிதாக எண் கேட்டால் அதற்குக் கிடைக்காது. முன்பே வாங்கி வைத்திருந்த போன்களில் மட்டும் நெட் ஜோராக ஓடும். பட்டியலைப் பெரிதாக்கினோம், வைத்துக்கொள்ளும் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறைத்தோம், பில் போடும் லாப்டாப்புக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கினோம். வாடிக்கையாளர்களுக்கு கெஸ்ட் வைஃபை என்று தனியாக ஒன்று போட்டுவிட்டோம். கடையின் பில் ஓடும் அதே வைஃபையில் ஊரார் போன்கள் சேர்வது பாதுகாப்புக்கும் நல்லதில்லை. புது லாப்டாப்புக்கு எடுத்து வைத்த பணத்தில் மாவாட்டும் கிரைண்டர் வந்தது.

வீட்டில் 169.254 வந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டு, அப்புறம் லாப்டாப்பில் வைஃபையை அணைத்துப் போட்டாலே சரியாகிவிடும். ஒன்று மட்டும்: அணைத்த உடனே போடாமல் அரை நிமிடமாவது விட வேண்டும். ஃபைபர் பாக்ஸ் (தெருக் கேபிள் வந்து சேரும் பெட்டி) தனி, ரவுட்டர் தனி என்று இருந்தால் முதலில் பாக்ஸைப் போட்டு, விளக்குகள் நிலைக்கு வந்தபின் ரவுட்டரைப் போட வேண்டும்.

எண் சரியாக இருக்கிறது, 8.8.8.8க்கும் பதில் வருகிறது, தளத்தின் பெயரைப் போட்டால் மட்டும் வரவில்லை என்றால் அது டிஎன்எஸ். பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் வேலை. மேலூரில் ஒரு நண்பரின் மகள் விடுமுறைக்கு வந்தபோது இதைத்தான் பார்த்தேன். கல்லூரி லேபில் டிஎன்எஸ் எண்ணைக் கையால் போட்டுவிட்டிருக்கிறார்கள். அது கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் இருக்கிற சர்வர். வீட்டில் அந்த எண்ணுக்கு ஆளே இல்லை. வைஃபை செட்டிங்கில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 'மேனுவல்' என்று இருந்ததை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கியதோடு முடிந்தது. நெட் கொடுப்பவரின் டிஎன்எஸ்ஸே மந்தமாக இருந்தால் 8.8.8.8 போடலாம், அல்லது கிளவுட்ஃபிளேர் 2018இல் கொண்டுவந்த 1.1.1.1 போடலாம். ஆனால் திரும்பக் கல்லூரிக்குப் போனால் அங்கே இது வேலை செய்யாமல் போகலாம் என்பதையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.

பெயருக்கும் பிங் பதில் வருகிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் நான் நேரே ப்ராக்ஸியைத்தான் பார்ப்பேன். நாம் கேட்பதை நடுவில் வாங்கி வெளியே அனுப்பும் இடைத்தரகர் மாதிரி அது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ராக்ஸி என்று ஒரு பக்கம் இருக்கும். பிரவுசர் அதை மதிக்கும், பிங் மதிக்காது. அலுவலகத்தில் போட்டுவிட்ட ப்ராக்ஸி வீட்டில் தடையாக நிற்பது சகஜம். கண்ட இடத்தில் இறக்கிய இலவச மென்பொருள்களும் ப்ராக்ஸியைப் போட்டுவிட்டுப் போகும். யாரும் போடாமலே அங்கே ஓர் எண் இருந்தால், அதை அணைத்ததோடு விடாமல் வைரஸ் சோதனையும் ஓட்டுவது நல்லது. நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் செயலி ஏதாவது பாதியில் நின்றிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். முழுக்க மூடிவிட்டுப் பார்க்கவும்.

விண்டோஸ் மூலையில் காட்டும் உருண்டைப் படத்தையும் 'நோ இன்டர்நெட்' என்ற வார்த்தையையும் முழுக்க நம்ப வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டும் மைக்ரோசாஃப்டின் ஒரு தளத்திலிருந்து 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்ற ஒற்றை வரி உள்ள சின்னக் கோப்பைக் கேட்டுப் பார்க்கும். அது வந்தால் நெட் உண்டு, வராவிட்டால் நெட் இல்லை. அந்த ஒரு தளத்துக்கான வழியை விபிஎன்னோ விளம்பரத் தடுப்பானோ அடைத்திருந்தால், நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இல்லை என்று காட்டும். ஹோட்டல், ரயில் நிலைய வைஃபையில் உள்நுழையும் பக்கம் தானாகத் திறப்பதும் இதே சோதனையால்தான்: கேட்ட கோப்புக்குப் பதில் வேறு பக்கம் வருவதைப் பார்த்து விண்டோஸ் புரிந்துகொள்கிறது.

இன்னொரு வகை, நெட் இருக்கும், ஆனால் இல்லாத மாதிரி நடிக்கும். தமிழக அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த பழைய லாப்டாப்புகள் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து என் மதினி அப்படி ஒன்றைத் துடைத்து எடுத்து வந்தார், சின்னவள் படிக்கட்டும் என்று. வைஃபை சேர்ந்தது, எல்லா பிங்குக்கும் பதில் வந்தது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை. மூலையில் தேதியைப் பார்த்தால், அவள் பிறப்பதற்கு முந்தைய வருடம்! உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற காசு மாதிரிப் பேட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆரம்ப தேதி, முடிவு தேதி இரண்டும் உண்டு. லாப்டாப்பின் கணக்கில் அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைக் கையால் சரிசெய்ததும் பாதித் தளங்கள் திறந்தன.

மீதிக்கு வேறு காரணம். அதில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்தது. குரோம் 2023இல் கைவிட்டது. அப்டேட்டே போடாமல் கிடந்ததால் சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்களின் பட்டியலும் பழையது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்க, ஏராளமான தளங்கள் பயன்படுத்தும் சான்றிதழ்கள் முன்பு சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானது. அதற்குப் பின் பழைய கருவிகள் பலவற்றில் இந்தத் தொல்லை. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே வைத்துக்கொள்ளும் என்பதால் அதைப் போட்டதும் அந்தத் தளங்களும் வந்தன. ஆனாலும் அந்த லாப்டாப்பில் வங்கிக் கணக்கு எதையும் திறக்காதீர்கள் என்று மதினியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். படிப்பதற்கு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பேட்டரிக்கு ஆன செலவு ஒரு பரோட்டா செட்டைத் தாண்டவில்லை.

இனி வீட்டுக்கு வெளியே. சோழவந்தான் பக்கம் அறுப்பு நேரம். ஆளுயரத்துக்கு மேல் வைக்கோல் ஏற்றிக்கொண்டு லாரி ஊருக்குள் வந்தால் குறுக்கே தொங்கும் கேபிள்களுக்கு ஆயுள் கெட்டி இருக்க வேண்டும். அந்த ஊரிலிருந்து ஒரு அரிசி மண்டிக்காரர் கூப்பிட்டார். லாப்டாப்பை ஏற்கெனவே ஒரு பையன் ரீசெட் செய்திருந்தான், வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை மாற்றியிருந்தான், அடுத்து விண்டோஸையே புதிதாகப் போடப் போகிறேன் என்று நின்றுகொண்டிருந்தான். போனில் பேசிக்கொண்டே லாப்டாப்பில் பிங் போடச் சொன்னேன். ரவுட்டரிலிருந்து பதில் வருகிறது, 8.8.8.8க்கு வரவில்லை. "தம்பி, லாப்டாப்ப மூடி வச்சிருப்பா. ஃபைபர் பாக்ஸ்ல என்ன லைட் எரியுதுன்னு மட்டும் சொல்லு" என்றேன். சிவப்பு லைட் மின்னுகிறது என்றான்.

ஃபைபர் பாக்ஸில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, கண்ணாடி இழை வழியாக ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். வழியில் அறுந்திருக்கலாம், வீட்டுக்குள் சோபா நகர்த்தும்போது மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். லாப்டாப்பில் என்ன செய்தாலும் வராது. பாக்ஸில் செருகியிருக்கும் மெல்லிய கேபிள் கழன்றிருக்கிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று மட்டும் நாம் பார்க்கலாம். கழற்றி அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பது வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். துணியால் துடைப்பதும் வேண்டாம், ஒரு தூசி போதும் அதைக் கெடுக்க. பான் என்ற விளக்கு அசையாமல் பச்சையாக இருந்து, இன்டர்நெட் என்ற விளக்கு மட்டும் எரியாவிட்டால் கதை வேறு: கேபிள் நன்றாக இருக்கிறது, யூசர் நேம் பாஸ்வேர்டிலோ பணம் கட்டியதிலோதான் விஷயம். மாத ரீசார்ஜ் முடிந்த அன்றே என்னிடம் லாப்டாப்பைத் தூக்கி வந்தவர்கள் உண்டு.

மண்டிக்காரர் அதற்கு முன்பே நெட்காரரைக் கூப்பிட்டிருந்தார். எதிர்ப்பக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார். எந்த ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் இந்தப் பாட்டு மாறாது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, பாதிக் கோளாறு அதிலேயே போய்விடுகிறது. இந்த முறை, "எல்.ஓ.எஸ். சிவப்பு, கழற்றி மாட்டியும் அப்படியே இருக்கு, நம்ம தெருவுல கேபிள் அறுந்து கிடக்கு" என்று சொல்லச் சொன்னேன். அன்று சாயங்காலமே ஏணியும் இழையை ஒட்டவைக்கும் மெஷினுமாக ஆள் வந்துவிட்டார். 'நெட் வரல' என்று சொன்னால் போன் எடுப்பவருக்கு எதுவும் புரியாது. எந்த விளக்கு எந்த நிறம், எத்தனை மணியிலிருந்து, லாப்டாப்பை ரவுட்டரோடு நேராக இணைக்கும் லேன் கேபிளில் பார்த்தும் வரவில்லையா என்று சொன்னால் சரியான ஆளைச் சரியான சாமானோடு அனுப்புவார்கள். புகார் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

கரண்ட் போனாலும் நெட் வேண்டும் என்றால் ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் போதும். ஃபைபரில் தெருவில் ஒளியைப் பிரிக்கும் கருவிக்குக் கரண்ட் தேவையில்லை. நெட்காரர் அலுவலகத்தில் பேட்டரி நின்றால் நம் வீட்டிலும் நிற்கும்.

வைஃபை பெயரே பட்டியலில் வரவில்லை என்பதும் அடிக்கடி வரும் புகார். மாசி வீதிகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் வைத்த பழைய வீடுகளுக்கு, வைஃபையின் வழக்கமான இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் ஒத்துவராது. முன்னறையில் பறக்கும், சமையலறையில் செத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டும். இன்னொன்று, பழைய லாப்டாப்புகள் சிலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணுக்கே தெரியாது. புது ரவுட்டர் வைத்துவிட்டு 5 மட்டும் போட்டுவிட்டால் போன்கள் சேரும், லாப்டாப் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று நிற்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் 2.4இன் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வைக்க வேண்டும். இந்த மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை.

வைஃபை பட்டனே லாப்டாப்பில் காணாமல் போனால் முதலில் விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படம் போட்ட விசையைப் பார்க்கவும். குழந்தைகள் கை அதில்தான் படும். அடுத்து ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி போட்டுவிட்டேனே என்பார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கினால் ஷட்டவுன் செய்தாலும் உள்ளே பாதி நிலையை அப்படியே சேமித்து வைத்து மறுபடி எடுத்துக்கொள்ளும். கிறுக்குப் பிடித்த டிரைவரும் அதே கிறுக்கோடு எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். அதிலும் வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் டிரைவரை ஒரு படி பின்னால் கொண்டுபோக 'ரோல் பேக்' இருக்கும். அப்டேட்டுக்கு மறுநாள் போனதென்றால் அதுதான் மருந்து. புது டிரைவர் இறக்க நெட் வேண்டுமே என்று முழிக்க வேண்டாம். போனை டேட்டா கேபிளில் மாட்டி, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங் போட்டால் வைஃபை கார்டு இல்லாமலே லாப்டாப்புக்கு நெட் வந்துவிடும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளில் இது நடக்காது.

போன் நெட்டை நம்பி எல்லா நாளும் இருக்க முடியாது என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளத்தில் எதிர்சேவை நடக்கும் ராத்திரியும், அழகர் ஆற்றில் இறங்கும் விடியலும் ஆற்றுப் பக்கம் நின்று பாருங்கள். போனில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும், ஒரு போட்டோகூடப் போகாது. டவரின் சத்தம் காதில் விழுகிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. லட்சக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் கேட்டால் நம் முறை வர வேண்டாமா? போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் லாப்டாப்பில் அப்போது எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. அந்த வாரம் தாக்கல் ஏதாவது இருந்தால் நான் முன்னதாகவே முடித்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விடுவேன்.

நெட்வொர்க் ரீசெட் பற்றி ஒரு வார்த்தை. வீடியோக்களில் முதல் வைத்தியமாக அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அது கடைசி. அது சேமித்த வைஃபை பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மறக்கும், அலுவலக விபிஎன் செட்டிங்கைக் கழற்றிவிடும், நெட்வொர்க் கார்டுகளைப் புதிதாகப் பொருத்தும். சரியாகிவிட்டால்கூட எதனால் கெட்டது என்று தெரியாது. அடுத்த வாரம் திரும்ப வரும். செய்தே ஆக வேண்டுமென்றால் முதலில் எல்லா செட்டிங் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

பையில் நான் எப்போதும் வைத்திருப்பது ஒரு லேன் கேபிள், நல்ல யுஎஸ்பி டேட்டா கேபிள், கட்டைவிரல் அளவு யுஎஸ்பி வைஃபை அடாப்டர். லேன் கேபிளை ரவுட்டரில் நேராகச் செருகி நெட் வந்தால் வைஃபைதான் சிக்கல் என்று ஒரே நொடியில் தெரிந்துவிடும். அடாப்டரைச் செருகி வந்தால், கெட்டது லாப்டாப்புக்குள் இருக்கும் வைஃபை கார்டு. கார்டை மாற்ற லாப்டாப்பைத் திறக்கப் பயந்தால் அந்த அடாப்டரையே வைத்து வருடக்கணக்கில் ஓட்டலாம். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். டப்பாவின் பின்பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா, உங்கள் விண்டோஸ் பதிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். டிரைவரை சிடியில் போட்டுக் கொடுக்கும் வகையை எடுக்க வேண்டாம், இப்போதைய லாப்டாப்புகளில் சிடி போட இடமே கிடையாது.